பரண் பொட்டி கேட்ட கேள்வி

மதினி,

இன்று காலை தூசி தட்டுவதற்காக உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே பூண்டும் விறகுப் புகையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. கம்ப்யூட்டர் இருக்கிற டப்பா இப்படி மணப்பதை வேறெங்கும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் உங்கள் பச்சைப் பலகை (கம்ப்யூட்டரே அதுதான்), அதன் முதுகில் நான் பூட்டிய புது டிஸ்க், இரண்டையும் இணைக்கிற ரிப்பன் மாதிரியான பட்டை ஒயர். குட்டி விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள், விலாசம் எழுத முடியாத ஒரு மடலை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு கேள்வி கிடக்கிறது. போன் கடைக்காரரிடம் அதைக் கேட்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு டிவி ரிமோட்டே பெரிய பாடம். உங்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி உங்களுக்கே விளங்காது.

நம் இருவருக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் நான் 'மதினி, நீங்க' என்றும், நீங்கள் 'ஏ செல்வி' என்றும் கூப்பிட்டு வந்தோம். வத்தலக்குண்டில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்துவிட்டு கல்யாணமாகி இந்த மலைக் குளிருக்குள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். வந்த புதிதில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பை விட்டு நகர மாட்டீர்கள். ஊர்ப் பெண்கள் உங்களை அடுப்படிப் பூனை என்று கேலி செய்ததை நான்தான் வந்து உங்களிடம் சொன்னேன். உங்களுக்கு அதில் கோபமே வரவில்லை. பூனைக்காவது ரோமம் இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லையே என்றீர்கள்.

அந்த வருஷம்தான் பள்ளத்துக்காட்டில் அண்ணன் போட்டிருந்த உருளைக்கிழங்கை உறைபனி ஒரே ராத்திரியில் கருக்கிவிட்டுப் போனது. விடிந்து பார்த்தால் செடியெல்லாம் கொதிநீர் ஊற்றியதுபோல் துவண்டு கறுத்துக் கிடந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஸ்பிரிங்ளரைத் திறந்து இலையை நனைத்துக்கொண்டே இருந்தால் காப்பாற்றலாம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்த ராத்திரி விழும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தினமும் யார் எழுந்து போய்ப் பார்ப்பது? அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நீங்கள் வரப்பில் நின்றுகொண்டு, "இதுக்குப் போயி மனுசன் எதுக்கு முழிச்சுக் கெடக்கணும், ஒரு பொட்டிய முழிக்க விட்டாப் போதும்" என்றீர்கள். புருஷன் பயிர் போய்விட்டது, இவள் பொட்டி பொட்டி என்கிறாளே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த பனிக்குள் பொட்டி வந்துவிட்டது. பள்ளத்துக்காட்டில் குச்சி நட்டு ஒரு தெர்மாமீட்டர், செடியைப் படம் பிடிக்கிற ஒரு கேமரா. இரண்டும் அனுப்புவதை வாங்கிக்கொள்ள வீட்டில் இந்தச் சின்னப் பலகை. குளிர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் காடு வைத்திருக்கிற எல்லோர் போனுக்கும் மெசேஜ் போகும்: பனி எறங்குது, வெரசா தண்ணியத் தெறந்து விடுங்க. கீழ்வீட்டுப் பெரியசாமி மாமா முதல் வருஷம் நம்பவில்லை. அவர் காடு மட்டும் கருகியதும், இரண்டாம் வருஷம் அவராகவே தன் நம்பரை எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பலகையை எங்கே வைப்பது என்பதில்தான் நாம் இருவரும் சேர்ந்து மூளையைக் கசக்கினோம். நம் ஊரில் மஞ்சு மேகமாய் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சுவரில் மாட்டினால் சுவர் வியர்க்கிறது, மேசையில் வைத்தால் மேசை பூசணம் பிடிக்கிறது. ஈரம் ஏறாத இடம் என்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஓர் இடம்தான்: விறகடுப்புக்கு நேர் மேலே, பூண்டுக் கட்டுகளைப் புகையில் தொங்கவிடுகிற பரண். தீப்பெட்டி, உப்பு, கல்யாணப் பட்டு, நிலப் பத்திரம் எல்லாம் அங்கேதான் ஏறும். கம்ப்யூட்டரும் ஏறியது. எலி கடிக்காமல் இருக்க பிஸ்கட் டின்னுக்குள் வைத்தோம். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக அன்றைக்கு நமக்கு ஒரே பெருமை.

மெமரி கார்டுதான் அடிக்கடி செத்துப்போனது. ஓயாமல் படம் எழுதி அழித்து எழுதினால் சின்னக் கார்டு எத்தனை நாள் தாங்கும்? கரண்டு போய்ப் போய் வருவது வேறு. ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்து வைத்திருந்த வேறு கார்டை நுழைத்து உயிர் கொடுப்பீர்கள். பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் அந்த ஏணியடியில் கற்றதுதான். "எது கெட்டாலும் மொத ஒயர ஆட்டிப் பாரு, அப்புறமா ஆளத் திட்டு" என்பீர்கள். அண்ணன் மோட்டார் ரிப்பேருக்குக்கூட அதைச் சொல்வீர்கள்.

கார்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்கிற டிஸ்க் வாங்கிப் பூட்ட வேண்டும் என்று ஆர்டர் போட்டதும் நீங்கள்தான். பார்சல் என் கையில்தான் வந்து சேர்ந்தது. சூயிங்கம் நீளத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு, அதை உட்கார வைக்க ஒரு குட்டிப் பலகை. அதற்குள் உங்களுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற ஜீப்பில் ஏறிக்கொண்டே, "பிரிச்சுப் போட்ராத செல்வி, நான் வந்து பூட்டிக்கிறேன்" என்றீர்கள். நான் பிரிக்கவில்லை. நீங்கள்தான் சொன்னபடி வரவில்லை. எனக்கு இன்னும் அதில் கோபம் இருக்கிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உங்களைக் கொண்டுவந்த அன்று வீடு நிறைய ஆட்கள். விறகடுப்பில் வெந்நீரும் காப்பியும் போட்டுக்கொண்டே இருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணன் போனில் ஒரு மெசேஜ் வந்தது. எடுத்துப் பார்த்தவர் அதை என்னிடம் நீட்டினார். உங்கள் பொட்டியின் நம்பரிலிருந்து ஒரே ஒரு வரி: அடுப்ப அமத்தியாச்சா?

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீங்கள் சாயங்காலமானால் இதையேதான் கேட்டீர்கள். அண்ணனுக்கு மறதி, மேலே காய்ந்த பூண்டுத் தாள், தீப்பொறி பட்டால் கூரையே போய்விடும். அதனால் தினமும் நேரம் வைத்துக் கேட்கிற மாதிரி பொட்டியிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று நினைத்தோம். அதன் பிறகும் சாயங்காலம் சாயங்காலம் அது வருகிறது என்றே நினைத்திருந்தேன். அண்ணன் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் போனைக் கையை விட்டு இறக்க மாட்டார்.

ஐப்பசி மழை விட்டதும் பொட்டி திக்கத் தொடங்கியது. படம் பாதி வருகிறது, பாதி சாம்பல் நிறமாக நிற்கிறது. இருந்த நகல் கார்டுகளில் அதுதான் கடைசி. பெரியசாமி மாமா தபால் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "ஏத்தா, இந்த வருசம் பொட்டி பேசுமா பேசாதா, அதச் சொல்லு, பேசாதுன்னா நான் கெழங்குக்குப் பதிலா வேற எதையாச்சும் போட்டுட்டுப் போறேன்" என்றார். கிழங்கு போட்டாகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும். பயம், வேறென்ன. அண்ணனும் பள்ளத்துக்காடு முழுக்கக் கிழங்குதான் போட்டிருந்தார். கார்டு செத்தால் உங்கள் நிரல் மொத்தமும் போய்விடும். எனக்கு அதைத் திரும்ப எழுதத் தெரியாது. பனிக்கு முன்னால் புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். செய்ய நான் ஒருத்திதான் இருந்தேன்.

மதினி, அந்தப் பட்டை ஒயருக்கு எது மேல், எது கீழ் என்று யாராவது ஒரு புள்ளி வைத்திருக்கலாம். மூன்று வீடியோ பார்த்தேன், மூன்றிலும் மூன்று விதம். எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து அமுக்கி, நுனியில் ஒரு திருகு போட வேண்டும். கடுகு அளவுத் திருகு. அது விழுந்து, நான் டார்ச் அடித்துத் தரையில் தவழ்ந்து தேடி, கடைசியில் அது என் சேலை மடிப்பில் இருந்தது. பூட்டி முடித்தால் பலகை டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. உங்களை நினைத்துக்கொண்டு ஒயரை ஆட்டினேன். திருப்பிப் போட்டேன். கண்டுகொண்டது. கார்டில் இருந்ததை அப்படியே டிஸ்க்குக்கு நகல் எடுத்து, இனி எழுந்தால் டிஸ்க்கிலிருந்துதான் எழ வேண்டும் என்று பலகைக்குச் சொல்லிக் கொடுத்து, கார்டை உருவிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

எவ்வளவு வேகம். முன்பெல்லாம் அது எழுந்திருப்பதற்குள் நாம் ஒரு காப்பி குடித்துவிடுவோம். இப்போது நான் ஏணியை விட்டு இறங்குவதற்குள் படம் வந்து நின்றது. கீழே நின்ற அண்ணனிடம், ஓடுது அண்ணே என்று கத்தினேன். அழுகையும் வந்தது. இதை நீங்களல்லவா பார்த்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே செத்துப்போனது. அடுப்பைப் பற்றிய மெசேஜ் எப்போதும்போல் வந்தது. கொஞ்ச நேரத்தில் பொட்டி அப்படியே உறைந்துவிட்டது. டிஸ்க்கைக் காணோம் என்கிறது. காலையில் போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து ஓடுகிறது. மறுநாள் சாயங்காலம் திரும்பவும் அதே கதை. பகலெல்லாம் உயிரோடு இருந்துவிட்டு ராத்திரிக்குச் செத்துப்போகிற பொட்டியை வைத்துக்கொண்டு உறைபனிக்கு என்ன செய்வது?

பார்க்காத வழியில்லை. ஒயரை மாற்றினேன், திருகை இறுக்கினேன், பெரிய சார்ஜர் வாங்கிப் போட்டேன். கொடைக்கானலுக்குப் பஸ் ஏறி, பூம்பாறை வளைவிலெல்லாம் டின்னை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு போய் மூஞ்சிக்கல் பஜாரில் ஒரு போன் கடையில் காட்டினேன். அங்கே நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியது. கடைக்காரர் மூடியை மோந்து பார்த்துவிட்டு, "மேடம், இதுல ஏதும் ஊறுகா போட்டீங்களா" என்றார். திரும்பி வந்து பரணில் ஏற்றினால் சாயங்காலம் டிஸ்க்கைக் காணோம். எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கேட்டுவிட்டுச் சாகிறது, கேட்டுவிட்டுச் சாகிறது. உங்களுக்குத்தான் புது டிஸ்க் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

அப்புறம் ஒருநாள் அண்ணன் கேரட் லோடோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, லாரி கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டார். அன்று பொட்டி சாகவில்லை. விடிய விடிய படம் அனுப்பியிருந்தது. காலையில் போன் பண்ணி, நேற்று மெசேஜ் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

உங்கள் நிரலைத் திறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல் ஒவ்வொரு வரியாகப் போனேன். அடுப்பைப் பற்றிய வரியில் நேரமே இல்லை. பரணில் இருக்கிற பலகை இவ்வளவு சூட்டைத் தாண்டினால் இந்த நம்பருக்கு இதைக் கேள் என்று இருந்தது. அவ்வளவுதான். கீழே அடுப்பு எரிந்தால் டின் காய்கிறது, டின் காய்ந்தால் மெசேஜ் போகிறது, இன்னும் காய்ந்தால் டிஸ்க் விழுந்துவிடுகிறது. கார்டு அந்தச் சூட்டைத் தாங்கியது, வேகமான டிஸ்க் தானும் கொதிக்கிற ஜாதி என்பதால் தாங்கவில்லை. ஈரத்துக்குப் பயந்தே பழகிய நமக்குச் சூடு என்ற ஒன்று இருப்பதே தோன்றவில்லை. இதுவரை விளங்கிவிட்டது. ஆனால் பூண்டெல்லாம் எடுத்து விற்றாகிவிட்டது, சமையல் கேஸில்தான். அப்படியிருக்க அடுப்பு ஏன் தினமும் எரிகிறது?

மறுநாள் பொழுது சாய நான் போனபோது அண்ணன் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். விறகு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. மேலே பானையும் இல்லை, சட்டியும் இல்லை. குளிருக்கா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். முழங்கால்மேல் போன் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஒளிர்ந்தது. படித்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அண்ணே, அது நேரம் பாத்து வர்றதில்ல. சூடு பாத்து வருது."

"தெரியும்" என்றார். "காரியம் முடிஞ்சு நீங்கள்லாம் போனப்புறம் நான் அடுப்பே பத்த வைக்கல. அவளும் கேக்கல. பெறகு ஒருநா குளுரு தாங்காமப் பத்த வச்சேன். கேட்டுட்டா."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமலே, டிஸ்க் சாவது இந்தச் சூட்டில்தான், பொட்டியைப் பரணிலிருந்து இறக்கி என் வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் பனிக்கு உதவும், அங்கே இந்த மெசேஜ் வராது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். மூங்கில் கரண்டியால் கஞ்சியைக் கிண்டுவதுபோல் அவர் தணலைக் கிண்டிக்கொண்டே இருந்தார். வேண்டுமானால் தினமும் இதே நேரத்துக்கு வருகிற மாதிரி மாற்றித் தருகிறேன், அது எனக்கே செய்யத் தெரியும் என்றேன்.

"வேணாம் செல்வி. அப்பறம் அது நீ கேக்குறதாயிரும்."

ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். புகை அடங்கும் வரை நின்றார். அப்புறம் அவரே ஏணியைச் சாத்தி ஏறினார். நீங்கள் இருந்தவரை ஒருநாளும் அந்தப் பொட்டியைத் தொடாதவர், டின்னை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் இறக்கினார். "ஊர்க் கெழங்கு பூராப் பள்ளத்துலதான் கெடக்கு. வெரசா கொண்டுபோயி வையி" என்றார்.

என் வீட்டு முன்னறை அலமாரியில் வைத்து, டின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஈரத்துக்கு ஒரு துணிப்பையில் கல்லுப்புக் கட்டி வைத்தேன். அன்றிலிருந்து டிஸ்க் ஒருதடவைகூட விழவில்லை. மார்கழி பிறந்ததும் ஒரு விடியற்காலை எல்லோர் போனும் அடித்தது. பள்ளம் முழுக்க ஸ்பிரிங்ளர் சத்தம். வெயில் வந்தபோது இலையெல்லாம் சொட்டச் சொட்டப் பச்சையாக நின்றது. பெரியசாமி மாமா மட்டும் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கி நாலு வரிசையைப் பறிகொடுத்தார். பழியைப் பொட்டிமேல் போட வந்தவர், அண்ணன் போனைப் பிடித்தபடி வரப்பில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த மெசேஜை நீங்கள் எழுதியது அண்ணனுக்காகவா, பொட்டிக்காகவா?

பொட்டிக்காக என்றால், நீங்கள் போட்டிருந்த சூட்டின் அளவு மிகவும் குறைவு. அந்தச் சூட்டில் பலகைக்குக் காய்ச்சல்கூட வராது. பொட்டியின் மற்ற புகார் எல்லாம், இடம் நிறைந்துவிட்டது, கரண்டு போதவில்லை, எல்லாம் என் போனுக்குத்தான் வரும். இது ஒன்று மட்டும் அவருக்குப் போகிறது. அப்படியானால் அவருக்காகத்தான். ஆனால் புது டிஸ்க் வாங்கப்போவது உங்களுக்கு முன்பே தெரியும். அது சூடு தாங்காது என்று படித்துவிட்டு, அதற்காகவே அளவைக் குறைத்து வைத்திருப்பீர்களோ? அடுப்பை அணைக்கிற ஆள் அவர்தான் என்பதால் அவர் நம்பரைப் போட்டிருப்பீர்களோ? எந்தப் பக்கம் பிடித்தாலும் மறுபக்கம் நழுவுகிறது. உங்களைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அண்ணனிடமே கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டுக்கும் சேத்துத்தான் கேட்டுருப்பா. ஒரு சோலிக்குன்னு தனியா நடக்குற ஆளா அவ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நம்பர் இருக்கிற அந்த வரியை நான் அழிக்கவில்லை. என் வீட்டு அலமாரியில் அந்தச் சூடு சித்திரையில்கூட வராது. அண்ணனின் போனில் இப்போது சிக்னல் சரியாக எடுப்பதில்லை, வேறு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடையில் சொன்னார்களாம். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

செல்வி